பாட்டுக்கு நடுவே எழுந்து போனவன்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் குற்றாலத்தில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்து வடிவில் தருகிறேன். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே இருக்கிறது. அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)



வெளியே சாரல் அடிக்கிறது. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று காலையிலேயே சேதி வந்துவிட்டது. பாதிப் பேருக்கு மனசு அங்கேதான் இருக்கும். மீதிப் பேருக்கு பார்டர் கடை புரோட்டாவில் இருக்கும். ஆகையால் நான் நீட்டி முழக்கப் போவதில்லை. எனக்குக் கொடுத்த தலைப்பு 'மறக்க முடியாத கல்லூரி நாட்கள்'. நான் மறந்துபோன ஒரு விஷயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். தலைவர் மன்னிக்க வேண்டும்.

நான் சினிமாப் பைத்தியம். இது என் வகுப்புக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். நான் சேர்ந்தது 1991இல். 1992 தீபாவளிக்கு, அதாவது அக்டோபர் 25ஆம் தேதி, 'தேவர் மகன்' வெளிவந்தது. தீபாவளி கழிந்து விடுதிக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே தென்காசியில் மூன்று தடவை பார்த்துவிட்டேன். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழக பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், வரிசையில் நெரிபட்டு, சட்டைப் பொத்தான் இரண்டு அறுந்து டிக்கெட் எடுத்த காலம் அது. கமல்ஹாசன் திரைக்கதை, பரதன் இயக்கம், பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு, இளையராஜா இசை, சிவாஜி கணேசனின் பெரிய தேவர். ஐந்து தேசிய விருதுகள் வாங்கிய படம். ரேவதிக்கும், பாடிய எஸ். ஜானகிக்கும் விருது கிடைத்தது. பெரிய தேவர் உயிர் விடுகிற காட்சியில் கொட்டகையே தேம்பியது. நானும் தேம்பினேன். இன்றைக்குப் போட்டாலும் தேம்புவேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தின் பெயரில் இருக்கிற சமூகத்தில் பிறந்தவன் நான். ஆகவே இந்தப் பேச்சை 'அந்தாளு வேற ஆளு, அதான் பேசுதான்' என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். எங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் கொடை விழாவிலும் முதல் பாட்டாக அந்தப் படத்தின் புகழ் பாடும் பாட்டுத்தான் குழாய் ஸ்பீக்கரில் போகும். ரேடியோ செட்காரர் அதற்கென்றே தனி கேசட் வைத்திருப்பார். தேய்ந்து போனால் அடுத்ததற்கு எங்கள் சித்தப்பாவே காசு கொடுப்பார்.

அந்தப் படத்தில் இசக்கி என்று ஒரு பாத்திரம் உண்டு. வடிவேலு நடித்தது. சின்ன வேஷம். மூடிக் கிடந்த கோயிலின் பூட்டை, நாயகன் சொன்னான் என்பதற்காக இசக்கி உடைப்பான். அதற்குத் தண்டனையாக எதிர்த் தரப்பு ஆட்கள் அவன் கையை வெட்டிவிடுவார்கள். பிறகு அந்த ஒற்றைக் கையோடு படம் நெடுக வருவான். இசக்கி என்பது நம் பக்கத்தில் சாமி பெயர். தென்காசிக் கடைத்தெருவில் நின்று 'ஏ இசக்கி' என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பெயரில் ஒரு இழிவும் இல்லை. ஆனால் எந்தப் பெயரையும் இழிவாக்க விடுதிப் பையன்களுக்குத் தெரியும்.

என் அறையில் மூன்று பேர். அதில் ஒருவன் இங்கேயிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு கிராமத்திலிருந்து வந்தவன். அவன் தெரு எந்தத் தெரு என்று விடுதியில் எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை, ஆனால் தெரியும். நம் ஊரில் அது அப்படித்தான். கணக்கில் புலி. என் செய்முறை நோட்டு பாதிக்கு மேல் அவன் எழுதிக் கொடுத்ததுதான். அவனும் எங்களோடு அந்தப் படத்துக்கு வந்தான். கொட்டகையில் எனக்குப் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தான்.

படம் பார்த்துத் திரும்பி வந்த இரவே அவனுக்கு 'இசக்கி' என்று பெயர் விழுந்தது. முதலில் சொன்னது யார் என்று இன்றைக்கு விசாரித்தால் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டோம். நானாகவும் இருக்கலாம். சாப்பாட்டு வரிசையில் 'இசக்கி, ஒத்தக் கையால தட்டைப் பிடிலே' என்பார்கள். சிரிப்போம். அவனும் சிரிப்பான். அவன் சிரித்தான் என்பதைத்தான் முப்பது வருஷமாக என் மனசுக்கு நான் சாக்காகச் சொல்லி வந்திருக்கிறேன்.

1993இல் விடுதி நாள் விழா. பல்குரலும் நாடகமும் என் பொறுப்பு. படத்தில் இருந்து ஒரு பத்து நிமிஷக் காட்சியை நாடகமாகப் போட்டோம். நான்தான் பெரிய தேவர். வெள்ளை மீசை ஒட்டி, துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். 'இசக்கி' வேஷத்துக்கு ஆள் தேடவே இல்லை. அவன் கையைச் சட்டைக்குள் விட்டுக் கட்டி மேடைக்குத் தள்ளிவிட்டோம். வந்தான். குனிந்து நின்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முடிந்ததும் அந்தப் பாட்டைப் போட்டார்கள். எல்லாரும் ஆடினோம். பாட்டு பாதியில் இருக்கும்போது அவன் எழுந்து அறைக்குப் போனதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதுதான் முக்கியம். ஆடுவதை நிறுத்தவில்லை.

மறு வாரம் அவன் விடுதியைக் காலி செய்தான். 'வீட்ல ஆளு இல்லடே, நான் போய் வந்து படிச்சுக்கிடுதேன்' என்றான். கடைசி ஆண்டு முழுக்க போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். நான் அதை நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

நண்பர்களே, இது நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இடையில் நம் மாவட்டம் என்ன பாடு பட்டது என்று மூத்தவர்களுக்குத் தெரியும். 1995இல் வீரசிகாமணிப் பக்கம் ஒரு பஸ்ஸில் தொடங்கிய தகராறு தென் மாவட்டங்கள் முழுக்கப் பரவியது. அந்த ஆகஸ்ட் 31ஆம் தேதி கொடியங்குளத்தில் போலீஸார் நுழைந்து வீடு வீடாக நாசம் செய்தார்கள். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்கே கலவரம். கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் அரசாங்கம் எடுத்துவிட்டது. நாம் தொங்கிக்கொண்டு போன பஸ்ஸில் கட்டபொம்மன் பெயர் போனது அப்போதுதான்.

ஒரு படம்தான் இதையெல்லாம் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். சாதிச் சண்டை சினிமாவுக்கு முந்தியது. சரியாகச் சொன்னால், அந்தப் படமே அரிவாளைக் கீழே போடச் சொல்கிற படம். முடிவில் நாயகன் தன் ஆட்களைப் பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லிவிட்டுத்தான் போலீஸோடு போகிறான். ஆனால் கொட்டகையை விட்டு நாம் வெளியே எடுத்து வந்தது எது? மீசையையும் பாட்டையும் எடுத்து வந்தோம். அந்தக் கடைசி அறிவுரையை இருக்கையிலேயே விட்டுவிட்டு வந்தோம். படம் எடுத்தவர்கள் ஒன்று சொல்ல, ரசிகர்களாகிய நாம் வேறொன்றை வளர்த்தோம். படத்தின் மேல் பாதிப் பொறுப்பு என்றால் நம் மேல் பாதி.

2023 ஜூன் மாதம் சென்னையில் 'மாமன்னன்' படத்தின் பாட்டு வெளியீட்டு விழா நடந்தது. கமல்ஹாசன் கலந்துகொண்ட விழா. அதில் இயக்குநர் மாரி செல்வராஜ், இந்தப் படம் உருவாக 'தேவர் மக'னும் ஒரு காரணம் என்று பேசினார். அந்தப் படத்து இசக்கி மாமன்னனாக ஆனால் எப்படி இருக்கும் என்பதே தன் கதை என்றார். அதே வடிவேலுதான் மாமன்னன். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தப் படத்தைப் பற்றிக் கமலுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியவர் அவர். தாமிரபரணிக் கரைக்காரர், நமக்கு அயலார் இல்லை. 2018இல் அவர் எடுத்த 'பரியேறும் பெருமாள்' நம் திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றில் படிக்க வந்த பையனுடைய கதை. விழாவில் அவர் பேசியது ரசிகர் உலகத்தில் பெரிய சண்டையாகிப்போனது. ஒரு பக்கம் 'நன்றி கெட்டவன்' என்றார்கள். இன்னொரு பக்கம் 'அந்தப் படத்தையே கொளுத்து' என்றார்கள். நான் முதல் கட்சியில் இருந்தேன். என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் மாரி செல்வராஜைத் திட்டினேன். பிறகு ஜூன் கடைசியில் படம் வந்தது. தனியாகப் போய்ப் பார்த்தேன். திரையில் வடிவேலு நாற்காலியில் உட்கார முடியாமல் நிற்கிற காட்சி வந்தபோது எனக்கு வடிவேலு தெரியவில்லை. சட்டைக்குள் கையைக் கட்டிக்கொண்டு மேடையில் நின்ற என் அறைத் தோழன் தெரிந்தான். நாற்காலியில் ஒட்டு மீசையோடு உட்கார்ந்திருந்தவனும் தெரிந்தான்.

அதற்குப் பிறகும் நான் அவனைத் தேடிப் போகவில்லை. அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். போனது இந்தக் கூடுகைக்கு அழைப்பிதழ் கொடுக்கத்தான். இப்போது அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். என்னை வரவேற்று, காப்பி கொடுத்து, பிள்ளைகளைப் பற்றி விசாரித்து எல்லாம் ஆன பிறகு சொன்னான்: "வாறதப் பத்தி ஒண்ணுமில்லடே. ஒரு வருஷம் வந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கா? சாயங்காலம் மெல்லிசைல அந்தப் பாட்டப் போட்டீங்க. நம்ம பேட்ச் பாட்டுன்னு மைக்ல வேற சொன்னீங்க. நான் பஸ் ஏறிட்டேன்."

எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டாவது தடவையும் பாட்டுக்கு நடுவே எழுந்து போயிருக்கிறான். இந்தத் தடவை நான் பார்க்கக்கூட இல்லை.

"உனக்கு அந்தப் படமே பிடிக்காதாடே?" என்று கேட்டேன்.

சிரித்தான். "பிடிக்காம என்ன? சிவாஜி சாகுத எடத்துல நானும்தான அழுதேன், உன் பக்கத்துல உக்காந்து. என் பொண்டாட்டி ரேவதிக்காகவே பார்ப்பா. படத்துல இசக்கிக்குக் கையி போச்சு. அதச் செஞ்சவன் வில்லன்னு படமே சொல்லுது. ஹாஸ்டல்ல எனக்கு என் பேரே போச்சு. அங்க ஒருத்தனும் என்னை என் பேரச் சொல்லிக் கூப்பிடல. அத யாரு செஞ்சா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து போய் உள்ளேயிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தான். நம் சங்கத்தின் பழைய மலர். கடைசிப் பக்கங்களில் முகவரிப் பட்டியல் இருக்குமே, வேடிக்கைக்காகப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பட்டப்பெயரும் போட்டிருப்போமே, அந்தப் பக்கம். அவன் பெயருக்குப் பக்கத்தில் 'இசக்கி' என்று அச்சாகியிருந்தது. "எம் மவ பள்ளிக்கூடம் படிக்கையில கேட்டா, இது யாருப்பான்னு. பிரிண்டிங் மிஸ்டேக்குன்னுட்டேன்" என்றான்.

இங்கே நிறுத்திவிட்டு, நம் ஆட்கள் வழக்கமாகச் சொல்கிற பதில்களைப் பார்ப்போம். இதை நான் விழாக் குழுவில் பேசியபோது எல்லாம் வந்தன. நானே ஒரு காலத்தில் சொன்னவைதான்.

முதல் பதில்: 'அது அந்தக் காலம், அப்போ யாருக்கும் தப்பாத் தெரியல.' யாருக்குமா? அறையில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவனுக்குத் தெரிந்ததே! 'யாருக்கும்' என்று சொல்லும்போது நாம் அவனைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதோடு அந்தக் காலம் அப்படியே இருண்டு கிடக்கவும் இல்லை. 1937இலேயே கே. சுப்ரமணியம் 'பாலயோகினி' எடுத்துச் சாதி ஏற்றத்தாழ்வையும் விதவைக் கொடுமையையும் கேள்வி கேட்டார். அவர் சமூகமே அவரைத் தள்ளி வைத்தது. காலத்தை மீறி யோசித்தவர்கள் எந்தக் காலத்திலும் இருந்தார்கள். நாம் அவர்களில் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது பதில்: 'உண்மையான கருத்து அது இல்ல, நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க.' இதற்கு இந்தக் குற்றாலமே ஒரு கதை வைத்திருக்கிறது. ரசிகமணி டி.கே.சி. இங்கே வாழ்ந்து இங்கேயே 1954இல் மறைந்தவர். வட்டத்தொட்டி கூட்டிக் கவிதையை ரசிக்கக் கற்றுக் கொடுத்தவர். கம்பன் மேல் அவருக்கு இருந்த காதல் அப்படிப்பட்டது. தனக்கு உவப்பில்லாத செய்யுளைக் கண்டால், 'இது கம்பன் பாட்டே இல்லை, யாரோ இடையில் செருகியது' என்று தள்ளிவிடுவார். அப்படித் தள்ளியும் திருத்தியும்தான் 'கம்பர் தரும் ராமாயணம்' பதிப்பித்தார். புலவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பாட்டை ரசிக்க டி.கே.சி.யைப் போல ஆள் கிடையாது. ஆனால் நாம் நேசிப்பதில் ஒரு குறை இருந்தால் 'அது அவருடையதே இல்லை' என்று சொல்லத் தோன்றுகிற மனசு எல்லா ரசிகருக்கும் உண்டு. பெரிய ரசிகமணிக்கே இருந்தது என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்? குறையும் அவருடையதுதான், அழகும் அவருடையதுதான் என்று இரண்டையும் ஒன்றாகக் கையில் வைத்துக்கொள்வது கஷ்டம். ஆனால் வளர்ந்த ரசிகன் செய்ய வேண்டியது அது.

மூன்றாவது பதில்: 'இப்படி ஆரம்பிச்சா ஒண்ணையும் பார்க்க முடியாது, எல்லாத்தையும் தடை பண்ண வேண்டியதுதான்.' அமெரிக்காவில் 1939இல் 'கான் வித் த விண்ட்' என்று ஒரு படம் வந்தது. அடிமை முறையை ஏதோ அன்பான குடும்ப வாழ்க்கை போலக் காட்டிய படம். அதில் வேலைக்காரியாக நடித்த ஹேட்டி மெக்டேனியல்தான் ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர். அந்தப் பரிசை வாங்கிய 1940ஆம் ஆண்டு விழாவில்கூட அவருக்குத் தனி மேஜை போட்டுத்தான் உட்கார வைத்தார்கள். 2020இல் அங்கே நிறவெறிக்கு எதிரான போராட்டம் எழுந்தபோது, ஒரு நிறுவனம் அந்தப் படத்தைத் தன் ஒளிபரப்பிலிருந்து எடுத்தது. கொஞ்ச நாளிலேயே திரும்பப் போட்டது. ஒரு காட்சியையும் வெட்டவில்லை. ஒரு பேராசிரியர் தோன்றி, இந்தப் படத்தில் எது உண்மை, எது மறைக்கப்பட்டது என்று சொல்கிற ஒரு முன்னுரையைச் சேர்த்தது. படமும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. பார்க்கிறவன் குழந்தை இல்லை, இரண்டையும் தாங்குவான்.

சாதி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். நாம் கேசட் தேயத் தேயக் கேட்ட நகைச்சுவைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பவன், குண்டாக இருப்பவன், திக்கிப் பேசுகிறவன் என்று யாரையாவது வைத்துத்தான் பாதிச் சிரிப்பு. படித்த பெண் என்றால் திமிர் பிடித்தவள், கடைசி ரீலுக்குள் அவளை அடக்க வேண்டும். திருநங்கை வந்தாலே சிரிக்க வேண்டும் என்று நமக்கு யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். 2015இல் 'ஐ' படம் வந்தபோது, எங்களைக் கேலிப்பொருள் ஆக்காதீர்கள் என்று திருநங்கையர் சென்னையில் வீதிக்கு வந்து போராடினார்கள். அதற்கு முன் எத்தனை வருஷம் கொட்டகையில் அவர்களும் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து, நம் சிரிப்பைக் கேட்டிருப்பார்கள்?

நம் ஊர் விஷயத்துக்கே வருகிறேன். குற்றாலக் குறவஞ்சி பிறந்த மண் இது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லும்போது எவ்வளவு பெருமிதமாகச் சொல்கிறாள்! அந்தக் குறத்தி கோயில் கொடை விழா மேடைகளில் குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் என்னவாக ஆக்கப்பட்டாள் என்று நமக்கெல்லாம் தெரியும். குறவர் சமூகத்தார் இது எங்களைக் கேவலப்படுத்துகிறது என்று வருஷக் கணக்காகச் சொன்னார்கள். 2023இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்து அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை போட்டது. 'பாரம்பரியக் கலை போச்சே' என்று வருத்தப்பட்டவர்களில் நம் நண்பர்களும் உண்டு. கவிராயரின் பாட்டு எங்கும் போகவில்லை. இன்றைக்கும் பாடமாக இருக்கிறது, மேடையிலும் ஆடுகிறார்கள். போனது கேலி மட்டும்தான்.

நான்காவது பதிலை யாரும் கூட்டத்தில் சொல்லவில்லை. வாசலில் வைத்து என் காதில் சொன்னார்கள்: 'அண்ணாச்சி, நம்ம ஆளா இருந்துக்கிட்டு நீங்களே இப்படிப் பேசலாமா?' நான் சொன்னேன்: நம்ம ஆளு என்றால் யார்? மூன்று வருஷம் என் நோட்டை எழுதிக் கொடுத்தவன் என் ஆள் இல்லையா? இரண்டு பேர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அதில் ஒருவர் என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். மச்சான், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தப் பாட்டு உங்களுக்கு உங்கள் அப்பா ஞாபகம். எனக்கும் என் சித்தப்பா ஞாபகம். அந்த ஞாபகத்தை யாரும் பிடுங்கவில்லை. வீட்டில் கேட்போம். வாங்க, சேர்ந்தே கேட்போம். ஆனால் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற பந்தியில் ஒருத்தருக்குத் தொண்டையில் குத்துகிற முள்ளை ஏன் பரிமாற வேண்டும்?

தம்பி தங்கைகளே, இது பழைய ஆட்களின் பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2019இல் பள்ளிக்கூடங்களில் சாதி அடையாளமாகக் கட்டுகிற வண்ணக் கயிறுகளைப் பற்றிக் கல்வித் துறையே சுற்றறிக்கை அனுப்ப வேண்டி வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் யார்? கூடப் படித்த பையன்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு வேண்டாம், சாதி தெரிகிற அடையாளம் எதுவும் வேண்டாம் என்று அதில் பரிந்துரை இருக்கிறது. அரிவாள் திடீரென்று ஒரு நாள் கைக்கு வருவதில்லை. அதற்கு முன்னால் ஒரு பட்டப்பெயர் இருக்கும். அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்த ஒரு கூட்டம் இருக்கும். நாங்கள் அரிவாள் எடுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிக்கிற கூட்டத்தில் நாங்கள் இருந்தோம். இன்றைக்கு உங்கள் விடுதியில் யாருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, மெல்லிசை நிகழ்ச்சிப் பட்டியலில் இருந்து அந்தப் பாட்டை இந்த ஆண்டு எடுத்திருக்கிறார்கள். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகுதான் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடக் கூடாது. எங்கள் பேட்சுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்றால் இளையராஜா ஆயிரக் கணக்கில் போட்டிருக்கிறார். எல்லாரும் எழுந்து ஆடுகிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுப்போம்.

இரண்டு, மாணவர் திரைப்பட மன்றத்தில் 'தேவர் மக'னைப் போடுங்கள். ஒளிக்க வேண்டாம். மறுநாள் 'மாமன்ன'னைப் போடுங்கள். மூன்றாம் நாள் வட்டமாக உட்கார்ந்து பேசுங்கள். வட்டத்தொட்டி கூட்டிய ரசிகமணி வாழ்ந்த ஊர் இது. பெரிய தேவருக்காக அழுதவனும் இசக்கிக்காக அழுதவனும் ஒரே வட்டத்தில் உட்காரட்டும். திரைக்கதை எழுதக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அந்தப் படம் பாடப் புத்தகம். எதை எழுதக் கூடாது என்பதற்கும் அதுவே பாடமாக இருந்துவிட்டுப் போகட்டும். பேசுவதற்கு என்னைக் கூப்பிட்டால் வருகிறேன். ஆனால் என்னை முதலில் பேச விடாதீர்கள். கேட்க வேண்டியது எனக்கு நிறைய இருக்கிறது.

மூன்று, மலர்க் குழுவுக்கு. முகவரிப் பட்டியலில் அடைப்புக்குறியை எடுத்துவிடுங்கள். தன் பட்டப்பெயரைப் போட வேண்டும் என்று யாராவது தானே எழுதிக் கொடுத்தால் போடுங்கள். அடுத்தவன் வைத்த பெயரை அச்சில் ஏற்ற வேண்டாம். மலர்க் குழுச் செயலாளர் தலையாட்டுகிறார். நன்றி.

என் நண்பன் இன்றைக்கு வரவில்லை. இந்தக் கதையை மேடையில் சொல்லலாமா என்று அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "சொல்லுடே. ஆனா மேடையில எம் பேரச் சொல்லாண்டாம். ஒன்னய மன்னிச்சிட்டேன்னும் சொல்லாண்டாம், நான் அத இன்னும் யோசிக்கல. பட்டியல்ல மட்டும் எம் பேரச் சரியாப் போடச் சொல்லு" என்றான்.

அதனால்தான் இவ்வளவு நேரமும் அவன் பெயரை நான் சொல்லவில்லை. மலர் உங்கள் கைக்கு வரும்போது கடைசிப் பக்கங்களில், 1994ஆம் ஆண்டு முடித்தவர்கள் வரிசையில், அவன் பெயர் இருக்கும். அவன் அப்பா அம்மா வைத்த பெயர். பக்கத்தில் ஒன்றும் இருக்காது.

சாரல் விட்டிருக்கிறது போலிருக்கிறது. அருவிக்குப் போகிறவர்கள் பத்திரமாகப் போய் வாருங்கள்.